எழிலரசன் என்று யாரும் இல்லை

துலை (ஐப்பசி) 15, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீரும் உப்பும், இருமுறை.

நேற்று மலாக்கா, தங்கா பத்து மண்டபம். உரைத் தொடக்கம் நன்று. நடுவில் சற்று நீளம். முடிவு இடிமுழக்கம். காவல்துறை தந்த இசைவு மாலை ஆறு மணிவரை. நான் முடிக்கும்போது வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் சலசலப்பு. எங்கள் ஒலியமைப்பாளன் எழிலரசனிடம் ஒலியை நிறுத்தச் சொல்கிறார்கள் போலும் என்று உணர்ந்தேன். "எழில், அணைக்காதே! தமிழன் குரலை அணைக்கும் பொத்தான் இந்த மண்ணில் இல்லை" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. அதன்பின் மாலை, படம், எங்கள் தமிழ் மன்றப் பொருளாளர் மாறனின் மகிழுந்து, வீடு.

இன்று செய்ய நினைத்தவை: வேட்டி வெளுக்கப் போட. மன்றக் கணக்கு. சிலை (மார்கழி) மாத விழாவுக்குத் தலைப்பு. ஒன்றும் நடக்கவில்லை.

காலை உணவுக்கு முன் மாறன் அழைத்தார். எழிலரசனைக் காவல்துறை கொண்டுபோய்விட்டதாம். நான் பேசிக்கொண்டிருந்தபோதே இரண்டு காவலர்கள் ஒலிக்கருவியிடம் போயிருக்கிறார்கள். எழில் இரு கைகளையும் விரித்து அதன் குறுக்கே நின்றிருக்கிறான். தள்ளுமுள்ளு. ஒரு காவலருக்கு முழங்கையில் அடி. நாங்கள் கிளம்பிய பின், கம்பிவடம் சுற்றிக்கொண்டிருந்தவனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பார்த்தது மண்டபத்துக் காவலாளி மட்டும். எந்த நிலையத்து வண்டி என்று அவருக்குத் தெரியாது.

எழிலின் சிற்றுந்தை மாறன் என் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். முன்னிருக்கையில் ஒரு சிறு பை. உள்ளே அவனுடைய இன்சுலின் (தமிழில் நல்ல சொல் தேட வேண்டும்), ஊசி, இரண்டு சாக்லெட். காலையும் இரவும் போட்டாக வேண்டியது. துணைவி செண்பகம் அதை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள்.

"இது இல்லாம அவரு எப்படிங்க இருப்பாரு?"

தங்கா பத்துக்கு அருகிலுள்ள நிலையத்துக்கு உடனே போனேன். முகப்பில் ஓர் இளம் காவலர். எழிலரசன் என்றேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கணினியைத் தட்டினார். இல்லை. வேறு எங்கே என்றேன். தெரியாது. குரலை உயர்த்தினேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். நெடுநேரம். எழுந்து வந்துவிட்டேன்.

துலை 16, திங்கள்

வெயில், பிறகு புழுக்கம். உறக்கம் இல்லை.

காலையில் எங்கள் புக்கிட் காத்தில் பகுதியிலேயே. எழில் வாடகைக்கு இருக்கும் அறை, மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பின்னால். பூட்டு. பட்டறைச் சீனரிடம் எழிலரசன் என்றேன். விழித்தார். ஒலிபெருக்கி போடுபவர் என்று கையால் காட்டினேன். "ஓ, சவுண்ட்!" என்றார். சவுண்ட் இன்னும் திரும்பவில்லை என்று மலாயில் சொன்னார். முழுப்பெயர் கேட்டேன். சவுண்ட்தான் என்றார். வாடகையை மாதம் தவறாமல் கொடுப்பவனுக்குப் பெயர் எதற்கு என்பதுபோல் பார்த்தார்.

பிற்பகல், நகரத்துப் பெரிய நிலையம். தடுப்புக்காவல் அறைகள் அங்கேதான். முகப்பில் நம் பையன் ஒருவர், கோப்ரல். எழுந்து நின்று வணங்கினார். மகிழ்ந்தேன். அவர் தாயார் என் உரைகளைத் தவறாமல் கேட்பாராம். "சின்ன வயசுல என்னையும் கூட்டிட்டு வருவாங்க ஐயா. நல்லா தூங்கிருக்கேன்."

எழிலரசன் என்று தேடினார். இல்லை.

"வெறும் பேரு போதாது லா ஐயா. சிஸ்டம் ஐசி நம்பர்தான் கேக்கும், அடையாள அட்ட நம்பரு. அப்பா பேராவது சொல்லுங்க."

தெரியாது.

"இத்தன வருசமா கூட இருக்காருன்னு சொல்றீங்க."

சனிக்கிழமை மண்டபத்தில் பிடிபட்டவன் என்றேன். எந்த நிலையம் பிடித்தது, வழக்கு யார் கையில் என்று தெரியாமல் தேட முடியாது. மேலும் உறவினர் அல்லாதவருக்கு உள்ளே இருப்பவர் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. பணிவாகத்தான் சொன்னார். நான் அவனுக்கு என்ன உறவு என்று கேட்டார். தோழன் என்றேன். "தோழன்னு எழுத இடமில்ல ஐயா."

அப்போது எனக்குச் சினம் மூண்டது. எழுதிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, எனினும் எழுதுகிறேன். முகப்பிலேயே நின்று பேசத் தொடங்கிவிட்டேன். பிடித்துக்கொண்டு போகத் தெரிந்த அரசுக்கு எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்ல நாவில்லையா, நோயாளிக்கு மருந்து கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்புவது எந்த நாட்டு அறம், இன்னும் பல. உள்ளறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கோப்ரல் என் தோளைத் தொட்டு வாசல்வரை அழைத்து வந்தார். "போதும் ஐயா. உங்களையும் உள்ள வச்சிருவாங்க. சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க."

மருந்துப் பையை அவரும் வாங்கவில்லை. யாருக்கு என்று பெயர் எழுத முடியாதாம்.

மாலையில் செண்பகம் கைப்பேசியில் ஆங்கிலத்தில் தேடினாள். சிறையில் இருப்பவர் பட்டியல் என்று. வந்தது எல்லாம் அமெரிக்கா.

"இங்க பாருங்க. அங்க ஒவ்வொரு கவுண்டிக்கும் தனித்தனி வெப்சைட்டாம். கவுண்டின்னா நம்ம டிஸ்டிரிக் மாதிரி. பேரு போட்டா மூஞ்சியோட வருது."

வாங்கிப் பார்த்தேன். பெயர், அகவை, உயரம், எடை, என்ன குற்றம், எவ்வளவு பிணை, எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள், எந்தக் கட்டடம். அத்துடன் முகம். யாரோ ஒருவன், கழுத்துப்பட்டை கிழிந்து, ஒரு கண் பாதி மூடியபடி. ஒரு பெண், தலை நனைந்து. உலகில் எவரும், பினாங்கிலோ மலாக்காவிலோ உட்கார்ந்துகொண்டு, இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் அறியலாம். கேட்க வேண்டியதில்லை. உறவு சொல்ல வேண்டியதில்லை.

இதுவன்றோ வெளிப்படை! நம் நாட்டில் ஏன் இல்லை? எழுந்து நடந்தேன். தாள் எடுத்தேன். 'அடைபட்டவன் யாரென்று அறிவி' என்று ஓர் உரைத் தலைப்பு. மூன்று பக்கம் ஓடிவிட்டது.

செண்பகம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், தல துவட்டக்கூட விடல" என்றாள்.

துலை 17, செவ்வாய்

இடியும் மழையும். வடிகால் நிரம்பி வாசலில் தண்ணீர்.

வழக்கறிஞர் ஒருவரிடம் பேசினேன். அவரும் முதலில் கேட்டது அடையாள அட்டைப் பெயர். மன்ற உறுப்பினர் பதிவைப் புரட்டினேன். எழிலரசன், ஒலியமைப்பு. அவ்வளவே. நம் பதிவு. நாமே சூட்டிய பெயர். ஆண்டுதோறும் பெயர்சூட்டு விழா. மேடையில் நின்று, பழைய பெயரைத் துறந்தேன் என்று சொல்லி, மாலை வாங்கிக்கொள்வார்கள். துறந்த பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது மன்ற வழக்கம். வகுத்தவன் நான்தான். அந்த வழக்கம் பிழை என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கலாம்.

மாறன் மட்டும் நினைவு கூர்ந்தார்: எழில் புலாவ் செபாங் பக்கம், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். ஓர் அக்காள் உண்டு. பெயர் தெரியாது.

கைகட்டி உட்கார்ந்திருக்க முடியவில்லை. அமெரிக்கக்காரன் செய்வதை நாமே செய்வோம் என்று துணிந்தேன். எழிலின் படம் ஒன்று: கழுத்தில் கம்பிவடம், பெட்டிமேல் குனிந்து, வாய் பிளந்தபடி. வேறு படம் இல்லை. அதன்கீழ் எழுதினேன்: 'எங்கே எம் எழிலரசன்? தங்கா பத்து மண்டபத்தில் காவல்துறையால் கொண்டுசெல்லப்பட்டவர். எந்தச் சிறையில், எந்த அறையில்? அறிந்தோர் அழைக்க. கதிர்முரசு.' மன்றத்தின் எல்லாப் புலனக் குழுக்களுக்கும் அனுப்பினேன். "வாட்சப்புல போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றாள் செண்பகம். யாரிடம் கேட்பது?

நண்பகலுக்குள் எங்கெங்கோ போய்விட்டது. அழைப்புகள். எல்லாரும் வீரம் பேசினார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

பிறகு ஒரு பெண் குரல்.

"கதிர்முரசுங்கிறது நீங்களா?"

ஆம் என்றேன்.

"புலாவ் செபாங்லேர்ந்து லூர்து பேசுறேன். நீங்க போட்டிருக்கிற போட்டோ என் தம்பி."

எனக்கு உயிர் வந்தது. எழிலரசனின் அக்காளா என்றேன்.

"எழிலும் இல்ல, அரசனும் இல்ல. அவன் பேரு சேவியர். எங்கப்பா அருளப்பன் வச்ச பேரு. நீங்கதான் அந்தப் புதுப்பேரு வச்ச ஐயாவா?"

ஆம் என்றேன் மீண்டும்.

மாதா கோயிலில் யாரோ கைப்பேசியை நீட்டிக் காட்டினார்களாம், இது உன் தம்பிதானே என்று. அப்படித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய இளைய மகளைப் பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாய்மாமன்தான் முன்னின்று நடத்த வேண்டும்.

"தாய்மாமன் லோக்காப்புலன்னு ஊருக்கே போட்டுட்டீங்களே ஐயா. என்னக் கேட்டிருந்தா நானே போயி தேடிருப்பேன்ல."

உங்களைத் தெரியாது அம்மா என்றேன். மருந்தைப் பற்றிச் சொன்னேன். அழத் தொடங்கினார். நாளை காலை வந்து அழைத்துப்போகிறேன் என்றேன்.

எல்லாக் குழுக்களிலும் அந்தச் செய்தியை நீக்கினேன். என் கையில் இருந்தவற்றில் மட்டும்.

துலை 18, அறிவன்

மூட்டம். தொடர்வண்டித் தடக் கதவில் நெடுநேரம் காத்திருப்பு. புலாவ் செபாங்.

லூர்து அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். விடுப்புச் சொல்லிவிட்டு வாயிலில் நின்றார். கையில் ஓர் உணவுப் பொட்டலம், ஞெகிழி உறையில் தம்பியின் அடையாள அட்டைப் படி. என் அகவைக்கு மதிப்புக் கொடுத்துப் பின்னிருக்கையில் அமர்ந்தார். அலோர் காஜாவைத் தாண்டினோம். பிறகு:

"எங்களப் பத்தி அவன் உங்ககிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையா?"

நான் கேட்டதில்லை என்றேன்.

"வருசா வருசம் கிறிஸ்மசுக்கு வருவான். நீங்க வச்ச பேர வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டான். செருப்பு மாதிரி வெளியிலயே கழட்டிட்டு வருவான். திரும்பப் போறப்ப மாட்டிக்குவான்."

இரண்டு பெயரும் அவனுக்குப் பிடிக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அதே பெரிய நிலையம். அதே கோப்ரல். லூர்து அம்மா படியை நீட்டினார். எண்ணைத் தட்டியதும் கணினி உடனே சொல்லிவிட்டது. சேவியர் த/பெ அருளப்பன். சனிக்கிழமையே இங்கே கொண்டுவந்து பதிந்திருக்கிறார்கள். ஞாயிறன்று நீதிபதி முன் நிறுத்தி நான்கு நாள் உசாவல் காவல்.

"ஆனா இப்ப இங்க இல்ல அக்கா. திங்கக்கிழம சாயங்காலம் சுகர் ஏறி மயங்கிட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்காரு. கார்ட் போட்டிருக்கு. இப்ப பரவால்லன்னு எழுதியிருக்கு."

எந்த மருத்துவமனை என்று லூர்து அம்மா கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை. திங்கட்கிழமை பிற்பகல் நான் அங்கே நின்று முழங்கிக்கொண்டிருந்தேன். கோப்ரலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "உள்ளதான் இருந்திருக்காரு ஐயா" என்றார் விசைப்பலகையைப் பார்த்தபடி. சுவருக்கு அந்தப் பக்கம். கையில் மருந்தோடு நான் இந்தப் பக்கம்.

மருத்துவமனைக்குப் போனோம். அறை வாயிலில் காவலர். உறவினர் ஒருவர் மட்டும், சிறிது நேரம். லூர்து அம்மா உள்ளே. நான் நடைவழியில், மருந்துப் பையுடன். செவிலி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இங்கேயே கொடுக்கிறோம், தேவையில்லை என்றார். பையைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

வெளியே வந்த லூர்து அம்மா: கால் வீங்கியிருக்கிறது, பேசுகிறான், சிரிக்கிறான். முதல் நாளே நோயைச் சொல்லியிருக்கிறான், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அது போதவில்லை. யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று காவலர் கேட்டபோது, அக்காள் எண் என்று பழைய எண்ணைச் சொல்லியிருக்கிறான். அது உயிரோடு இல்லை. கைப்பேசி தள்ளுமுள்ளுவில் காணாமற்போனது. அடுத்து என் பெயரைச் சொல்லியிருக்கிறான். கதிர்முரசு, புக்கிட் காத்தில், எல்லாருக்கும் தெரியும் என்று. தேடியிருக்கிறார்கள். அப்படி ஒருவர் எந்தப் பதிவிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

திரும்பும் வழியெல்லாம் இதுவே.

துலை 19, வியாழன்

மழை இல்லை. காற்றும் இல்லை. வேலை ஓடவில்லை.

நான் நீக்கிய செய்தி எனக்கே திரும்பி வந்தது. கோலாலம்பூரில் யாரோ. அதே படம், வாய் பிளந்த முகம். கீழே புதிதாக ஒரு வரி: 'கத்திக்குத்து வழக்கில் சிக்கியவர்.' எவன் சேர்த்தான்? பொய் என்று எழுதி அனுப்பினேன். அவர் ஒரு கும்பிடு அனுப்பினார். இன்னொருவர், ஜொகூர். இன்னொருவர். எழுதி எழுதிக் கை ஓய்ந்தது.

அந்த அமெரிக்கப் பக்கத்தை மீண்டும் திறந்தேன். கழுத்துப்பட்டை கிழிந்தவனைக் காணோம், விட்டுவிட்டார்கள் போலும். அவன் பெயரை வேறு இடத்தில் தட்டிப் பார்த்தாள் செண்பகம். படம் அங்கே இருந்தது. காசு பார்க்கும் வேறு ஏதோ வலைத்தளக்காரன் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். விடுதலையானவன் முகம் இன்னும் உள்ளேயே.

மூன்று பக்க உரையை எடுத்தேன். என்ன கேட்பது? யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டாருக்குச் சொல். மருந்து கொண்டுவருபவனைத் திருப்பாதே. ஊருக்குச் சொல் என்றும் கேட்பதா? இரண்டாம் பக்கத்தில் அதைத்தான் இடியாக எழுதியிருக்கிறேன். அடித்தேன். எழுதினேன். மீண்டும் அடித்தேன். வீட்டாருக்குத் தெரிய வேண்டும், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று மேடையில் எப்படிச் சொல்வது? கைதட்ட மாட்டார்கள்.

லூர்து அம்மா அழைத்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இதுவரை ஒரு சொல்லும் இல்லை. வருகிறார்களா என்று கேட்க அச்சம். பிறகு:

"ஒண்ணு ஐயா. நல்ல வேள, போட்டோவுல பேராவது உங்க பேரு. சேவியர்னு போட்டிருந்தீங்கன்னா கோயில் பங்கு முழுக்க தெரிஞ்சி முடிஞ்சிருக்கும்."

ஆறுதலா, குத்தலா? இரண்டுமே.

உசாவல் காவலை வெள்ளிவரை நீட்டியிருக்கிறார்கள், நாளை காவல் பிணையில் விடுவார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். வழக்கு இருக்கும், தண்டமாக முடியலாம். பிணைக்கு ஒருவர் நிற்க வேண்டும். லூர்து அம்மாவுக்கு நாளை விடுப்பு இல்லை. நான் நிற்கிறேன் என்றேன். மண்டபத்தில் அணைக்காதே என்று சொன்னவன் நான் என்பதையும் எழுத்தில் தரலாமா என்று கேட்டேன். தாருங்கள், அவருக்கு நல்லது, உங்களுக்கு நல்லதில்லை என்றார்.

துலை 20, வெள்ளி

காலை வெயில். வெள்ளைச் சட்டை, வேட்டி வேண்டாம் என்று செண்பகம். காற்சட்டை.

பெரிய நிலையம். எழிலை மருத்துவமனையிலிருந்து நேரே கொண்டுவந்திருந்தார்கள். தடுப்புக்காவல் ஊதாச் சட்டை களைந்து, மண்டபத்தில் போட்டிருந்த அதே சட்டை. இளைத்திருந்தான். சுவரோர நாற்காலியில், அக்காள் காலையிலேயே யாரிடமோ கொடுத்தனுப்பிய பொட்டலத்தைத் தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டு எழ முயன்றான். கால் விடவில்லை. அமரச் சொன்னேன்.

வழக்கு அதிகாரியிடம் என் கூற்றைத் தந்தேன். அணைக்காதே என்று மேடையிலிருந்து சொன்னவன் நான். மலாயில் சொன்னேன், அடிக்கடி தடுமாறினேன். எழுதிக்கொண்டார். பிறகு அழைப்போம் என்றார்.

பிணைப் பத்திரத்துக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். எழிலின் அருகே அமர்ந்தேன். மின்விசிறியின் ஓசை. முகப்பிலிருந்து ஒரு பெயரை அழைத்தார்கள். யாரும் எழவில்லை. இன்னொரு முறை, உரக்க. கோப்ரல் என்னைப் பார்த்துச் சைகை காட்டினார். அப்போதுதான் உறைத்தது. எழுந்தேன்.

எழில் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"ஐயா, உங்க பேரு கிருஷ்ணமூர்த்தியா?"

மெல்லப் பேசு என்றேன். சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வரும்வரை. கோப்ரலும் திரும்பிக்கொண்டார். கையொப்பமிட்டேன், அந்தப் பெயரில்.

வண்டியில் ஏறியபின் மருந்துப் பையைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டான். முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது, திங்கட்கிழமை நான் வந்தது தெரியுமா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தெரியும் ஐயா. மைக் இல்லாமலே கேட்டுச்சு. உள்ள இருந்தவனுங்ககிட்ட, இவருதான் எங்க ஐயான்னு சொன்னேன். நானும் கம்பியப் புடிச்சிக்கிட்டு இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு கத்துனேன்."

பிறகு சொன்னான், குறையாக அல்ல, ஒலியமைப்பைப் பற்றி ஒரு செய்தி சொல்வதுபோல:

"நீங்க பேசுறப்ப என் சத்தம் எங்க ஐயா கேக்கும்?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பியது. வண்டியை எடுத்தேன்.